கழிவுப் பெட்டியில் விழுந்த விலை

"நல்ல ஸ்கிரீன் ரீடரா ஒண்ணு போட்டுக் குடுத்துட்டா அவரு பாத்துக்குவாருல்ல தம்பி?" பார்வை தெரியாத ஒருவரைக் கணக்கு வேலைக்கு எடுக்கலாமா என்ற பேச்சு வரும்போது, மதுரைக் கடைக்காரர்கள் பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுத்தவரிடம் கேட்கும் கேள்வி இது. ஸ்கிரீன் ரீடர் என்பது திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் மென்பொருள். நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். "அதெல்லாம் வாசிக்கும்ணே" என்று பதில் சொல்கிறவருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஆள் வேலைக்கு வந்து உட்கார்கிறார், பில் போட முடியவில்லை. பழி ஸ்கிரீன் ரீடர் மேல் விழுகிறது, இல்லாவிட்டால் அவர் மேலேயே விழுகிறது. மென்பொருள் எழுதியவர் பக்கம் யாரும் திரும்புவதில்லை. விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்வது இந்த ஊருக்குப் புதிதில்லை என்றாலும், இந்த வழக்கில் விசாரணை அவ்வளவு கடினமானதல்ல.

சுந்தரராஜன்பட்டி பார்வையற்றோர் பள்ளியில் படித்து, என்விடிஏ, ஜாஸ் போன்ற ஸ்கிரீன் ரீடர்களில் விரல் பழகிய ஒருவர் எக்செல் தாளில் பறப்பார். அதே ஆள் உள்ளூர் பில்லிங் திரையில் முதல் பெட்டியிலேயே நிற்கிறார் என்றால் இரண்டுக்கும் நடுவே மாறியது மென்பொருள் மட்டும்தான். இதைச் சொன்னால், "எக்செல் பெரிய கம்பெனி சமாச்சாரம், நாங்க ரெண்டு பேரு" என்பார்கள். ரெண்டு பேர் போதும் என்பது என் கட்சி. அதற்கு, உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். பேச வசதியாக மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையின் பில்லிங் திரையை எடுத்துக்கொள்கிறேன்: விவசாயி பெயர், பூ வகை, எடை, விலை, கீழே அன்றைய வரவுகள் வரிசையாக ஒரு கிரிட், அதாவது கட்டம் கட்டமான அட்டவணை. குறிப்பிட்ட எந்தக் கடையுடைய திரையும் இது அல்ல. இந்த ஊரில் விற்கும் பல மென்பொருள்களின் சாயல் இதில் இருக்கும்.

கேட்கிறது, பதில் வர வேண்டும்

டாஸ் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. திரை என்பது 80 பத்தி, 25 வரி. எந்தக் கட்டத்தில் என்ன எழுத்து என்பது வீடியோ நினைவகத்தில் எழுத்தாகவே கிடக்கும். 1989-இல் டாஸுக்காக வந்த ஜாஸ் அதை எடுத்து அப்படியே பேசிவிடும். ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதிய அந்தக் கறுப்புத் திரை பில்லிங், இன்றைய கலர் கலரான திரைகளைவிடப் பார்வையற்றவருக்கு வசதி என்று சொன்னால் இப்போது யாரும் நம்பமாட்டார்கள். விண்டோஸில் எழுத்து வெறும் புள்ளிகளாகிவிட்டது. ஆரம்பகால ஸ்கிரீன் ரீடர்கள், விண்டோஸின் வரையும் கட்டளைகளை நடுவில் மறித்து, எங்கே எது வரையப்பட்டது என்று தங்களுக்கென ஒரு நகல் வைத்துக்கொண்டன. பாதி ஊகம்தான். 1997-இல் மைக்ரோசாஃப்ட் ஆக்டிவ் அக்ஸஸிபிலிட்டி வந்தபோது ஏற்பாடு மாறியது: ஊகிக்காதே, மென்பொருளிடமே கேள். விஸ்டா காலத்தில் வந்த யூஐ ஆட்டோமேஷன் அதற்கு அடுத்த தலைமுறை. லினக்ஸின் ஸ்கிரீன் ரீடரான ஆர்கா இதே கேள்விகளை ஏடி-எஸ்பிஐ என்ற ஏற்பாட்டில் டி-பஸ் என்ற செய்திப் பாதை வழியாகக் கேட்கிறது. மேக்கில் வாய்ஸ்ஓவருக்கு வேறு பெயரில் இதே வேலை. நம் ஊர்க் கடைகளில் விண்டோஸ்தான் என்பதால் அதோடு நிற்கிறேன்.

ஸ்கிரீன் ரீடர் ஒரு தனி புரோகிராம், பில்லிங் ஒரு தனி புரோகிராம். ஒன்றின் நினைவகத்துக்குள் இன்னொன்று எட்டிப் பார்க்க முடியாது. ஸ்கிரீன் ரீடருக்கு ஒரு விண்டோவைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால், டபிள்யூஎம்_கெட்ஆப்ஜெக்ட் என்ற செய்தி அந்த விண்டோவுக்குப் போகும். "உன் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல ஓர் ஆளை அனுப்பு" என்பதுதான் அதன் பொருள். மென்பொருள் தானே பதில் சொல்லலாம். சொல்லாவிட்டால் விண்டோஸ் அந்த விண்டோவின் கிளாஸ் பெயரை, அதாவது அது எந்த வகை என்பதைப் பார்க்கும். விண்டோஸோடு வந்த எடிட், பட்டன், லிஸ்ட்வியூ போன்ற கிளாஸ் என்றால் அதற்குத் தயாராக வைத்திருக்கும் பதிலை விண்டோஸே தந்துவிடும். தெரியாத கிளாஸ் என்றால், "இங்கே ஒரு விண்டோ இருக்கிறது, இத்தனை அகலம், இத்தனை உயரம்" என்பதோடு முடிந்தது. பெட்டி, பட்டன் போன்ற சாதாரண கன்ட்ரோல்களை மட்டும் போட்டு எழுதியவருடைய மென்பொருள் அவருக்கே தெரியாமல் நன்றாகப் பேசுவதும், அழகுக்காகத் தானே எல்லாவற்றையும் வரைந்தவருடையது ஊமையாக நிற்பதும் இதனால்தான்.

கேட்கப்படுவது பெரும்பாலும் நான்கு: நீ யார் (இதற்கு ரோல் என்று பெயர்), உன் பெயர் என்ன, எந்த நிலையில் இருக்கிறாய், உன்னுள் இருக்கும் மதிப்பு என்ன. "எடை, எடிட், 12.5" என்று காதில் விழுவது மூன்று பதில்களின் கோவை. பதிலை எதிலே போடுவது என்பதில் நிறையப் பேர் குழப்புகிறார்கள். பெயரில் "சேமி பட்டன்" என்று எழுதிவிட்டால், பட்டன் என்பதை ஸ்கிரீன் ரீடர் தானாகவே சேர்த்துச் சொல்வதால், "சேமி பட்டன் பட்டன்" என்று கேட்கும். படம் மட்டும் ஒட்டிய டூல்பார் பட்டன்களுக்குப் பெயரே கொடுக்காவிட்டால் "பட்டன், பட்டன், பட்டன்" என்று ஓடும். இதில் எது பிரிண்ட், எது டெலீட் என்பதை அழுத்திப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேள்வி-பதில் பாதிதான். மறுபாதி, கேட்காமலே சொல்ல வேண்டியது. ஃபோகஸ் (தட்டும் விசை எந்த இடத்துக்குப் போகும் என்பது) நகர்ந்தது, மதிப்பு மாறியது, புதிதாக ஒரு டயலாக் திறந்தது என்பதையெல்லாம் மென்பொருள் நிகழ்வாக அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் ஸ்கிரீன் ரீடருக்குக் கேட்க வேண்டும் என்றே தோன்றாது. கீழே ஸ்டேட்டஸ் பாரில் பச்சையாக "பில் சேமிக்கப்பட்டது" என்று வந்து மறைவது இந்த வகை. கண் அதைப் பார்த்துவிடும், காதுக்கு ஒன்றும் வராது. சேமிக்கப்பட்டதா இல்லையா என்ற சந்தேகத்தில் மறுபடி என்டர் தட்டினால் ஒரே சரக்குக்கு இரண்டு பில். விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து, ஃபோகஸை அசைக்காமல் ஒரு வாசகத்தை நேராக ஸ்கிரீன் ரீடரிடம் கொடுக்கும் நோட்டிஃபிகேஷன் நிகழ்வு யூஐ ஆட்டோமேஷனில் இருக்கிறது. ஒரு வரி வேலை. அதுவரை, என்விடிஏ பயன்படுத்துகிறவர் இன்சர்ட்டோடு எண்ட் விசையைத் தட்டி ஸ்டேட்டஸ் பாரைக் கேட்டுக்கொள்ளலாம். அதுவும் அது உண்மையான ஸ்டேட்டஸ் பாராக இருந்தால்.

ஒரு லேபிளின் கதை

இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நான் சொல்ல வந்த விஷயம் முழுக்க இதற்குள்தான் இருக்கிறது.

விண்டோஸ் திரைகள் எழுத உதவும் மைக்ரோசாஃப்டின் விண்ஃபார்ம்ஸில் எழுதிய நம் திரையில் நான்கு கன்ட்ரோல்களை எடுத்துக்கொள்வோம். எடை என்ற லேபிள், டேப்இண்டெக்ஸ் (டேப் வரிசையில் அதன் எண்) 4. எடைப் பெட்டி 5. விலை என்ற லேபிள் 6. விலைப் பெட்டி 7. டெக்ஸ்ட்பாக்ஸுக்கென்று, ஸ்கிரீன் ரீடருக்குச் சொல்லும் பெயரான அக்ஸஸிபிள்நேம் எதுவும் எழுதவில்லை. எழுதாவிட்டாலும் ஸ்கிரீன் ரீடர் "எடை, எடிட்", "விலை, எடிட்" என்று சரியாகவே வாசிக்கும். பெயரில்லாத பெட்டிக்குப் பெயர் தேடும்போது விண்ஃபார்ம்ஸ் டேப் வரிசையில் ஒரு படி பின்னால் போய்ப் பார்க்கிறது. அங்கே லேபிள் இருந்தால் அதன் எழுத்தையே பெயராக எடுத்துக்கொள்கிறது. டேப் நிற்கக்கூடிய வேறு கன்ட்ரோல் ஒன்று குறுக்கே வந்தால் தேடலை நிறுத்திவிடுகிறது. திரையில் லேபிள் எங்கே இருக்கிறது, பெட்டிக்கு எவ்வளவு பக்கத்தில் ஒட்டியிருக்கிறது என்பதையெல்லாம் அது பார்ப்பதே இல்லை.

ஒருநாள் கடைக்காரர், "தம்பி, ஈரப் பூவுக்கும் சாக்குக்கும் கழிக்கணும், எடைக்கும் விலைக்கும் நடுவுல ஒரு கட்டம் போட்டுக் குடுங்க" என்கிறார். தம்பி ஒரு லேபிளும் ஒரு டெக்ஸ்ட்பாக்ஸும் இழுத்துப் போடுகிறார். புதிதாகப் போட்டவை டேப் வரிசையில் கடைசிக்குப் போகும். லேபிளுக்கு 12, பெட்டிக்கு 13 என்று வைத்துக்கொள்வோம். ஓட்டிப் பார்த்தால் டேப் தட்டும்போது கழிவுப் பெட்டி கடைசியில் வருகிறது. அதைச் சரி செய்ய, கழிவுப் பெட்டிக்கு 7 என்று கொடுத்து விலைப் பெட்டியை 8-க்குத் தள்ளுகிறார். லேபிள்களில் டேப் நிற்பதில்லை, அவற்றின் எண்ணை யார் பார்க்கப் போகிறார்கள்? இப்போது டேப் தட்டினால் எடை, கழிவு, விலை என்று அழகாகப் போகிறது. கண்ணால் பார்த்துச் சோதிக்கிறவருக்கு வேலை முடிந்தது.

வரிசையை இப்போது எண்ணிப் பாருங்கள். எடை லேபிள் 4, எடைப் பெட்டி 5, விலை லேபிள் 6, கழிவுப் பெட்டி 7, விலைப் பெட்டி 8, கழிவு லேபிள் 12. கழிவுப் பெட்டிக்கு ஒரு படி பின்னால் இருப்பது விலை லேபிள். ஸ்கிரீன் ரீடர் அங்கே போனதும் "விலை, எடிட்" என்று சொல்கிறது. அடுத்து விலைப் பெட்டி. அதற்குப் பின்னால் இருப்பது டேப் நிற்கும் கழிவுப் பெட்டி என்பதால் தேடல் அங்கேயே நின்றுவிடுகிறது. "எடிட்" என்பதோடு சரி. காதால் வேலை செய்கிறவர் 12.5 கிலோ மல்லிக்கு விலை என்று கேட்ட பெட்டியில் 600 அடிக்கிறார். பெயரில்லாத அடுத்த பெட்டியை எதற்கோ என்று விட்டுவிட்டுப் போகிறார். 12.5 கிலோவில் 600 கிலோ கழிவு, விலை பூஜ்யம். மென்பொருள் எதிர்மறை எடையைத் தடுக்காவிட்டால் பில் அப்படியே அச்சாகும். கடையில் என்ன சொல்வார்கள்? "கண்ணு தெரியாததால தப்பாப் போட்டுட்டாரு."

அவர் சொன்னதைக் கேட்டுத்தான் போட்டார். தப்பாகச் சொன்னது மென்பொருள். ஸ்கிரீன் ரீடர் வாங்கிய பதிலை மாற்றாமல் ஒப்பித்தது, அவ்வளவுதான். எத்தனை ஆயிரம் ரூபாய் கொடுத்து எந்த ஸ்கிரீன் ரீடரை வாங்கிப் போட்டாலும் அதே பெட்டியில் "விலை" என்றுதான் சொல்லும். இதை ஒருமுறை புரிந்துகொண்டால் கடைக்காரர் கேட்ட முதல் கேள்விக்குப் பதில் தானே கிடைத்துவிடும்.

சரி செய்வதோ, கழிவு லேபிள் 6, கழிவுப் பெட்டி 7, விலை லேபிள் 8, விலைப் பெட்டி 9 என்று எண்களை மாற்றுவது. விஷுவல் ஸ்டுடியோவில் வியூ மெனுவில் டேப் ஆர்டர் என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால் எல்லா கன்ட்ரோல் மேலும் எண் தெரியும், வரிசையாகக் கிளிக் செய்துகொண்டே போகலாம். லேபிள்களையும் சேர்த்துக் கிளிக் செய்ய வேண்டும் என்பதுதான் மறந்துபோகிறது. இன்னும் உறுதியாக வேண்டுமென்றால் ஒவ்வொரு பெட்டிக்கும் அக்ஸஸிபிள்நேம் எழுதிவிடுவது நல்லது. அது இருந்தால் லேபிள் தேடலே நடக்காது. ஆனால் நாளைக்கு லேபிளை "கழிவு" என்பதிலிருந்து "சாக்கு கழிவு" என்று மாற்றுகிறவர் அக்ஸஸிபிள்நேமை மாற்ற மறப்பார். எனக்கு வரிசையைச் சரியாக வைப்பதே பிடிக்கும். டபிள்யூபிஎஃப் என்ற இன்னொரு திரைக் கருவித்தொகுப்பில் எழுதுகிறவர்களுக்கு இந்தப் பின்னால் பார்க்கும் வேலை கிடையாது. லேபிள்டுபை என்று எந்த லேபிள் என்பதை நேராகக் காட்ட வேண்டும். க்யூட்டி என்ற தொகுப்பில் லேபிளுக்கு செட்படி கொடுத்தால் போதும்.

வரைந்த கிரிட்

திரையின் கீழ்ப் பாதியில் அன்றைய வரவுகள். வண்ணம் வேண்டும், பாக்கி இருந்தால் சிவப்பு வேண்டும், வேகமாக நகர வேண்டும் என்று சொந்தமாக வரைந்த கிரிட். என்விடிஏவை ஓடவிட்டு, கிரிட்டில் நின்று இன்சர்ட்டோடு எஃப்1 தட்டினால் லாக் வியூவர் திறந்து, அந்த இடத்தில் மென்பொருள் தந்த பதில்களை வரிசையாகக் காட்டும். பெயர்: ஒன்றுமில்லை. ரோல்: பேன், அதாவது வெறும் பலகம். மதிப்பு: ஒன்றுமில்லை. கிளாஸ் பெயர் என்ற இடத்தில் விண்டோஸ்ஃபார்ம்ஸ்10 என்று தொடங்கும் நீளமான சரம். இருநூறு வரி வரவு கண்ணுக்குத் தெரிகிறது. ஸ்கிரீன் ரீடரைப் பொறுத்தவரை அங்கே ஒரு வெற்றுச் செவ்வகம். அம்பு விசையைத் தட்டினால் நீலப் பட்டை நகர்கிறது, ஆனால் விண்டோஸின் கணக்கில் ஃபோகஸ் அதே செவ்வகத்தில்தான் இருக்கிறது. நிகழ்வு எதுவும் எழவில்லை, காதில் அமைதி.

இது பார்வையே இல்லாதவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் என்று நினைக்க வேண்டாம். அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கும் ஊர் இது. மங்கலாகப் பார்வை உள்ளவர்கள் விண்டோஸ் மேக்னிஃபையரில் எழுத்தைப் பெரிதாக்கி வேலை பார்ப்பது இங்கே அரிதல்ல. நான்கு மடங்கு பெரிதாக்கினால் திரையில் பதினாறில் ஒரு பங்குதான் தெரியும். ஃபோகஸ் எங்கே போகிறதோ அங்கே மேக்னிஃபையரும் போக வேண்டும். அதற்கும் அதே ஃபோகஸ் நிகழ்வும் அந்தக் கட்டத்தின் இடம், அளவும்தான் தேவை. வரைந்த கிரிட் அறிவிக்காததால் நீலப் பட்டை கீழே போய்விடும், பெரிதாக்கிய காட்சி மேலேயே நின்றுகொண்டிருக்கும்.

முடிந்தால் வரைந்த கிரிட்டைத் தூக்கிவிட்டு விண்ஃபார்ம்ஸோடு வரும் டேட்டாகிரிட்வியூ போடலாம். அது ஒவ்வொரு செல்லுக்கும் பத்தித் தலைப்பையும் வரிசை எண்ணையும் சேர்த்துத் தானே பெயர் கொடுத்துக்கொள்ளும். தலைப்பைக் காலியாக விடாமல் இருந்தால் சரி. விண்ஃபார்ம்ஸ் ஓடும் தளமான டாட்நெட்டின் பழைய பதிப்பைக் குறிவைத்த புரோகிராம் என்றால், ஆப் கான்ஃபிக் கோப்பில் பழைய அக்ஸஸிபிலிட்டி நடத்தையை அணைக்கும் ஸ்விட்ச்களைப் போட வேண்டும், 4.7.1, 4.7.2, 4.8 பதிப்புகளில் வந்த திருத்தங்கள் அப்போதுதான் வேலை செய்யும். தூக்க முடியாது, வாடிக்கையாளர் அந்த வண்ணத்தை விடமாட்டார் என்றால், கிரியேட்அக்ஸஸிபிலிட்டிஇன்ஸ்டன்ஸ் என்ற மெதடை ஓவர்ரைட் செய்து, எத்தனை பிள்ளைகள் (உள்ளே இருக்கும் செல்கள்), இந்த எண்ணுள்ள பிள்ளை யார் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் எழுத வேண்டும். ஒவ்வொரு செல்லுக்கும் பெயர், செல் என்ற ரோல், மதிப்பு, திரையில் உள்ள இடம், நிலை. அம்பு விசையில் செல் மாறும்போதெல்லாம் அக்ஸஸிபிலிட்டிநோட்டிஃபைகிளையன்ட்ஸ் வழியாக ஃபோகஸ் நிகழ்வை எழுப்ப வேண்டும். இரண்டு இடத்தில் சறுக்கும். அந்த அழைப்பில் பிள்ளை எண் 0-இலிருந்து தொடங்குகிறது. 1 என்று தொடங்கினால் எப்போதும் பக்கத்து செல் வாசிக்கப்படும். ஃபோகஸ் வந்த செல்லின் நிலையில் ஃபோகஸ்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நிகழ்வு ஒன்று சொல்லி, நிலை வேறு சொன்னால் ஸ்கிரீன் ரீடர் நிகழ்வை நம்பாமல் விட்டுவிடக்கூடும்.

டேட்டாபேஸ் கேள்வியைத் திரையைக் கவனிக்கும் த்ரெட்டிலேயே (வேலை ஓட்டத்திலேயே) ஓட்டுவதும் இங்கேதான் கடிக்கும். ஸ்கிரீன் ரீடரின் கேள்விக்குப் பதில் சொல்வது அதே த்ரெட். மாத அறிக்கைக்காக அது பத்து விநாடி மூழ்கினால், கண்ணால் பார்க்கிறவருக்குத் திரை உறைகிறது. மற்றவருக்குப் பேச்சே நின்றுபோகிறது, கணினி செத்துவிட்டதா என்பதுகூடத் தெரியாது.

அட்மினாக ஓடும் பில்லிங்

வித்தியாசமான ஒரு புகார் உண்டு: எல்லாம் வாசிக்கிறது, பில்லிங்கைத் திறந்தால் மட்டும் மொத்தமாக ஊமை. பெரும்பாலும் காரணம் இரண்டு சேர்ந்தது. பில்லிங் தன் டேட்டா கோப்பை புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே எழுதுகிறது. அங்கே எழுத அனுமதி இல்லாததால், யாரோ ஷார்ட்கட்டில் "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" டிக் போட்டுவிட்டார்கள். இந்தப் பக்கம், வேலைக்கு வந்தவர் பென்டிரைவில் வைத்திருக்கும் என்விடிஏ போர்ட்டபிள் காப்பியை ஓட்டுகிறார். உயர்ந்த உரிமையோடு ஓடும் விண்டோவைக் குறைந்த உரிமையுள்ள புரோகிராம் தொட விண்டோஸ் விடாது. முறையாக இன்ஸ்டால் செய்த என்விடிஏவுக்கு அதற்கான தனி அனுமதி உண்டு, போர்ட்டபிள் காப்பிக்குக் கிடையாது. என்விடிஏவை இன்ஸ்டால் செய்தால் சரியாகிவிடும். அதைவிட, டேட்டாவை புரோகிராம்டேட்டா ஃபோல்டருக்கு மாற்றி அட்மின் டிக்கை எடுத்துவிடுவது எல்லோருக்கும் நல்லது.

கிளையிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் வருகிறவர்களுக்கு வேறு சங்கதி. அவர் கணினிக்கு வருவது திரையின் படம் மட்டுமே, உள்ளூர் ஸ்கிரீன் ரீடருக்குக் கேட்க ஆளில்லை. அந்தப் பக்கக் கணினியில் ஸ்கிரீன் ரீடர் ஓடியாக வேண்டும். என்விடிஏ 2025.1-இலிருந்து தொலைவிலுள்ள என்விடிஏவோடு பேசும் வசதி உள்ளேயே இருக்கிறது.

மல்லி, காதில் விழுகிற மல்லி

எல்லாப் பதிலும் சரியாக வந்தும் ஒன்றும் புரியாமல் போவது தமிழுக்கே உரிய சோதனை. பழைய பாமினி எழுத்துருவில் "மல்லி" என்று தெரிவது உண்மையில் கே, ஒய், செமிகோலன், ஒய், பி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேடம் போட்டிருக்கிறது. மென்பொருளிடம் மதிப்பு என்ன என்று கேட்டால் அந்த ஐந்து குறிகளைத்தான் கொடுக்கும். எழுத்துரு எது என்று ஸ்கிரீன் ரீடர் கவலைப்படாது. செமிகோலனை விழுங்கிவிட்டு, மிச்சத்தை ஏதோ ஆங்கிலச் சொல் போல உளறும். மதுரை என்பது கே, ஜே, ஐ, யு. எழுத்தைத் தொட்டுப் படிக்கும் புள்ளிகளாகத் தரும் பிரெய்ல் டிஸ்ப்ளேயிலும் அதே ஆங்கிலப் புள்ளிகள்தான் எழும். தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியீட்டு எண்கள் தரும் யுனிகோடைத் தமிழக அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனாலும் பழைய பிரிண்ட் லேஅவுட் கெட்டுவிடும் என்ற பயத்தில் பாமினியை விடாத பில்லிங் மென்பொருள்கள் இன்னும் ஓடுகின்றன.

யுனிகோடிலும் ஒரு முள் உண்டு. "கொ" என்பதில் க, ஒகரக் குறி என்று இரண்டு குறியீட்டு எண்களும் இருக்கலாம். ஒகரக் குறியை எகரக் கொம்பு, கால் என்று பிரித்து மூன்றும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. சொந்தமாக எழுதிய டெக்ஸ்ட் கன்ட்ரோல், ஓர் எழுத்து என்பதற்கு ஒரு குறியீட்டு எண் என்று பதில் சொன்னால், அம்பு விசையில் "கொட்டாம்பட்டி" மேல் போகிறவருக்கு க தனியாகவும் கொம்பு தனியாகவும் கேட்கும். விண்டோஸின் சாதாரண எடிட் கன்ட்ரோலில் இந்தத் தொல்லை கிடையாது.

ஸ்கிரீன் ரீடர் பக்கம் ஒட்டுப்போடுவது

ஜாஸுக்கு ஸ்கிரிப்ட் எழுதலாம், என்விடிஏவுக்குப் பைத்தானில் ஆப்மாட்யூல் எழுதலாம், அந்தக் கிரிட்டைப் படிக்க வைத்துவிடலாமே என்பார்கள். முடியும். மூலக் குறியீடு தொலைந்துபோன பழைய மென்பொருளுக்கு வேறு வழியும் இல்லை. மூலக் குறியீட்டைக் கையில் வைத்துக்கொண்டே அதைச் செய்வது, ஒழுகும் குழாயை விட்டுவிட்டுக் கீழே வாளி வைக்கிற வேலை. அடுத்த பதிப்பில் கன்ட்ரோலின் பெயர் மாறினால் ஸ்கிரிப்ட் உடையும்; என்விடிஏவுக்கு எழுதியது விண்டோஸோடு வரும் ஸ்கிரீன் ரீடரான நரேட்டருக்கும் மேக்னிஃபையருக்கும் குரல் கட்டளைக்கும் உதவாது. படத்தைப் பார்த்து ஏஐ சொல்லிவிடும் என்பவர்களுக்கு ஒன்றுதான்: 4,850-ஐ 4,580 என்று ஒருமுறை சொன்னால்கூடக் கமிஷன் கடையில் சண்டை வந்துவிடும். பெட்டியே தன் மதிப்பைச் சொன்னால் அந்தச் சந்தேகமே எழாது.

புரோகிராமர்களை மசிய வைக்க எனக்குத் தெரிந்த நல்ல வாதம் வேறு. பைவின்ஆட்டோ போன்ற தானியங்கிச் சோதனைக் கருவிகளும் இதே கேள்விகளைத்தான் கேட்கின்றன. பெயரும் ரோலும் ஒழுங்காகக் கொடுத்த திரைக்குப் பில் போட்டுச் சேமித்துச் சரிபார்க்கும் சோதனையை ஒரே மாலையில் எழுதிவிடலாம். ஊமைத் திரைக்கு எக்ஸ், ஒய் எண்களை வைத்துக் கிளிக் செய்துகொண்டு திரிய வேண்டும்.

ஒப்படைக்கும் முன்

என்விடிஏ இலவசம். அதைப் போட்டு, டூல்ஸ் மெனுவில் ஸ்பீச் வியூவரைத் திறந்துகொண்டால் பேசுவது எழுத்தாகவும் ஓடும். பேச்சு வேகத்துக்குப் பழகாதவர்களுக்கு இது போதும். மௌஸைக் கழற்றிவிட்டு ஒரு வரவை முதல் பெட்டியிலிருந்து அச்சு வரை போட்டுப் பாருங்கள். சந்தேகம் வரும் இடத்தில் இன்சர்ட்டோடு டேப். இப்போது நிற்கும் இடத்தின் பதிலை மறுபடி சொல்லும். பிறகு கன்ட்ரோல், இன்சர்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்துத் தட்டி திரையைக் கறுப்பாக்கும் ஸ்கிரீன் கர்ட்டனைப் போட்டுவிட்டு அதே வரவை இன்னொரு முறை. கண் திறந்திருக்கும்போது "சரிதான்" என்று கடந்துபோன பெட்டிகள் இந்த முறை கடக்க விடாது. தனித்தனிக் கன்ட்ரோலை நோண்ட மைக்ரோசாஃப்டின் அக்ஸஸிபிலிட்டி இன்சைட்ஸ் இருக்கிறது; அது பெயரில்லாத பெட்டியைப் பிடித்துவிடும். ஆனால் கழிவுப் பெட்டிக்கு "விலை" என்று பெயர் வந்திருப்பதை எந்தக் கருவியும் பிடிக்காது. பெயர் இருக்கிறது அல்லவா?

வேலை அளவைப் பொறுத்தவரை, லேபிள் வரிசை ஒரு திரைக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. ஸ்டேட்டஸ் அறிவிப்பு இன்னும் சிறியது. கிரிட் சில நாள். பாமினிதான் நிஜமான சுமை. எழுத்துருவை மாற்றினால் போதாது, டேட்டாபேஸில் இத்தனை வருடமாகச் சேர்ந்த பெயர்களை மாற்ற வேண்டும். பேக்கப் எடுத்துவிட்டு, பழைய பத்தியை அப்படியே வைத்துக்கொண்டு பக்கத்தில் புதுப் பத்தி சேர்த்து அதில் மாற்றுங்கள். மாற்றியதைத் திரும்ப பாமினியாக்கி, பழையதோடு ஒத்துப்போகாத வரிகளை மட்டும் ஒரு பட்டியலாக எடுங்கள். பாமினியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் இருக்கும். யுனிகோடில் பின்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்யாத கன்வெர்ட்டர்கள் உண்டு என்பதால் கொ, கே, கை வரும் பெயர்களைத் தனியாகப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், அவசரத்தில் ஆங்கில எழுத்திலேயே "செல்வம்" என்று அடித்து வைத்த பெயர்களைப் பிரித்தெடுத்துவிடுங்கள். அவற்றையும் கன்வெர்ட்டரில் விட்டால் யாராலும் படிக்க முடியாத ஒரு தமிழ்ப் பெயர் லெட்ஜரில் ஏறிவிடும். அதைத் திரும்ப பாமினியாக்கினாலும் பழையதோடு சரியாகவே ஒத்துப்போகும், பட்டியலில் வராது.